பிபிலையில் ஓர் இரவு

இரத்தத்தில் நைதரசன் இருக்கிறதாம்.
இப்போது மலை ஏறினால்
சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் நுரைக்குமாம்.
இருபத்துநாலு மணித்தியாலம் பொறுக்கட்டுமாம்.
பிபிலை பஸ் நிலையத்திலிருந்து ஞானசீலன் சொன்னபோது
என் இடுப்பு பிளந்துகொண்டிருந்தது.

போனைப் பிடுங்கிய மாமியார்
தன் மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்:
"குடிச்சிருக்கியாடா?"

இல்லை. அன்று காலையில்தான்
கல்குடாக் கடலில் நாற்பது மீற்றர் இறங்கி
இரண்டு வெள்ளைக்காரருக்குக் கப்பல் காட்டியிருக்கிறார்.
யுத்தத்தில் மூழ்கிய கப்பல்.
எந்த யுத்தம் என்று முன்பொரு முறை கேட்டேன்.
நம்முடையது இல்லை, பழையது என்றார்.

அந்தக் கப்பல் எனக்கும் தெரியும்.
எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம்
தண்ணீர்ப் பீலியடி.
அங்கே குடத்தை நிரம்பவிட்டு
அவர் அனுப்பிய வீடியோவில் பார்த்திருக்கிறேன்:
கொதிகலன் வாயில், கடன் கேட்டு வந்தவன்போல்
நகராமல் நிற்கும் களவா.
கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்ட சிங்கமீன்.
துருப்பிடித்த ஏணியில் பூத்த பவளம்.
பாரைக் கூட்டம் ஒரே உடம்பாய்த் திரும்புகிறது.
ஆட்கள் செத்த இடமென்று
ஒரு மீனுக்கும் தெரியவில்லை.

எனக்குள்ளும் பத்து மாசம் ஒன்று நீந்தியது.
ஏழாம் மாசம்வரை கொழுந்துக்கூடையும் சேர்த்துச் சுமந்தேன்.
டொலர் கொடுத்துப் பார்க்க
ஒருவரும் வரவில்லை.

விடிய நாலு பத்துக்கு, பசறை ஆஸ்பத்திரியில்,
எந்த ஆழத்திலும் நின்று இளைப்பாறாமல்
நேராக மேலே வந்துவிட்டாள்.
இரண்டே முக்கால் கிலோ.
"நல்ல சத்தம்" என்றார் மிஸ்ஸி.

அவர் வந்தபோது மத்தியானம்.
காதுமடலில் உப்பு காய்ந்திருந்தது.
லுணுகலையில் முழங்கால் வலித்ததாம்,
செத்துவிடுவேனோ என்று பயந்தாராம்,
பார்த்தால் முன்சீட்டு இரும்பு இடித்திருக்கிறது.
எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது.
திருக்கைக்கு நடுங்காத கை
பிள்ளையைத் தூக்க நடுங்கியது.
மாமியார் இன்னும் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் மடுல்சீமைக்குத் திரும்பினோம்.
ரோட்டிலிருந்து லயத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படி.
அறுபதில் என்னால் முடியவில்லை, நின்றேன்.
அவரும் நின்றார். மணிக்கூட்டைப் பார்த்தார்.
"மூணு நிமிஷம்" என்றார், பழக்கத்தில்.

கீழே பள்ளம் முழுக்க மூடுபனி.
பெக்டரியின் தகரக் கூரை மட்டும்
அடியில் கிடந்து மங்கலாய்த் தெரிந்தது.
அதற்குள்ளே யாரோ விளக்கோடு
மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

மூன்று நிமிடம் ஆனதும்
அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.