கோட்டுகளின் நிறம்

வேலூர் கோர்ட் படிக்கட்டில்
ஐம்பத்து மூன்று வக்கீல்களை நிறுத்தினேன்.
மே மாதம், பகல் பதினொன்றரை.
வெயிலைப் பற்றி இந்த ஊரில்
புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கேமரா வந்து நாலு மாதம். மூன்றாம் கை.
இரண்டே முக்கால் மெகாபிக்சல்.
அதற்குப் போனவை: இரண்டு ஃபிலிம் கேமரா, ஒரு வீடியோ லைட்,
நன்றாக ஓடிக்கொண்டிருந்த எம்-எயிட்டி.

உள்ளே தபால்தலை அளவில் ஒரு தகடு,
அதில் இருபத்தேழு லட்சம் குடங்கள்.
ஷட்டர் திறந்தால் வெளிச்சம் விழும்.
விழுந்ததைக் குடத்துக்குக் குடம் கைமாற்றிக்
கடைசியில் ஒருவன் அளந்து எழுதிக்கொள்வான்.
எங்கள் சைதாப்பேட்டைத் தெருவில்
லாரித் தண்ணீருக்கு நிற்பதைப் போலத்தான்,
சண்டை மட்டும் கிடையாது.
உடம்பு சுட்டால் சில குடங்கள்
வெளிச்சம் இல்லாமலே நிரம்பிவிடும்.
அது வேறு தலைவலி.

லாங் பஜார் கடையில், மானிட்டரில் திறந்தேன்.
கோட்டெல்லாம் கத்தரிப்பூ.

எல்லாம் என்று சொல்லக் கூடாது.
முன்வரிசை நாற்காலிகளில் நல்ல கறுப்பு.
பின்னால் போகப் போக ஊதா ஏறுகிறது.
நாற்காலிகளின் நடுவில், தலைவர் கோதண்டபாணி மட்டும்
நாவல்பழம்.

விற்றவனுக்கு போன் போட்டேன்.
'சிவப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம் இருக்குண்ணே,
நம்ம கண்ணுக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும்.
தடுக்கிற கண்ணாடி இந்த மாடல்ல மெல்லிசு.
துணியைப் பொறுத்தது. டெரிலின்னா
காட்டிக் கொடுத்துரும்.'

தலைவர் நேரில் வந்தார். கண்ணாடியைத் துடைத்தார்.
தன் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.
'கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லும்
உம்முடைய சாட்சியை.'

இரண்டு ராத்திரி.
ஐம்பத்து மூன்று கோட்டுக்கும் மவுஸால் கறுப்படித்தேன்.
முப்பதாவது கோட்டில் கரண்ட் போனது.
சேமித்திருக்கவில்லை.

ஃபிரேம் போட்டு, சங்க அறையில் மாட்டி,
பாக்கி இன்னும் வரவில்லை.

கடைசி வரிசை ஜூனியர் செங்கமலம் மட்டும்
ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்து
திருத்தாத படம் ஒன்று வேண்டும் என்றாள்.
ஊதாவில் நின்றிருந்த தன்னை
விரல் வைத்துக் கண்டுபிடித்தாள்.
'சாயம் போகாதுன்னு சொல்லித்தான் வித்தான்' என்றாள்,
'போகலையே சார். வந்திருக்கு.'

பிரிண்ட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
சில்லறை இல்லாமல் பத்துதான் வாங்கினேன்.