பத்துக் கிலோ மாவு

மழை விட்ட மறுநாள்
செம்மண் பாதை குழம்பாகக் கிடந்தது.
க்ளெம்மின் வண்டி இரண்டு முறை புதைந்தது.
இறங்கித் தள்ளியவர்களின் பாவாடையெல்லாம் ஒரே நிறம்.

குபிங்கே காய்த்திருந்தது.
அரைநெல்லி அளவு, வெளிர்பச்சை,
கடித்தால் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும்.
பெர்னடெட் ஒரு கை வாய்க்கும்
ஒரு கை வாளிக்குமாகப் பறிப்பாள்.
"வரி வசூலிக்கிறேன்" என்பாள்.

அப்போதெல்லாம் காயை வாங்க
புரூமிலிருந்து கீத் வருவான்.
அவன் லாரி, அவன் தராசு,
அவன் காதில் செருகிய பென்சில்.
இந்த வருஷம் வரத்து அதிகம், விலை இறங்கிவிட்டது என்பான்.
போன வருஷமும் அதையேதான் சொன்னான்.
தெற்கே எங்கோ அதைப் பொடியாக்கி
மாத்திரைக் குப்பியில் அடைக்கிறார்களாம்.
ஒரு குப்பியை நான் பார்த்திருக்கிறேன்.
மேலே ஒரு மரத்தின் படம்.
எங்கள் மரம் இல்லை அது.

யாரும் திட்டமிடவில்லை.
டல்சி கடையில் வாங்கிய மாவு மூட்டையை
எறும்புக்குப் பயந்து தராசின் மேல் வைத்தாள்,
அவ்வளவுதான்.
மூட்டையில் அச்சடித்திருந்தது பத்துக் கிலோ.
முள் ஒன்பதில் நின்றது.

கீத் முள்ளைத் தட்டிப் பார்த்தான்.
ஈரக்காற்று என்றான்.

எனக்கு அம்மாவைப் பெற்றவரின் நினைவு வந்தது.
மாட்டுப் பண்ணையில் இருபது வருஷம்.
கூலி: மாவு, தேயிலை, சர்க்கரை.
எத்தனை கிலோ என்று அவர் கேட்டதில்லை,
கேட்கவும் முடியாது.
அதே மாவு இன்று
தராசில் ஏறி உட்கார்ந்து வாய் திறந்தது.

அன்றைக்குக் காய் விற்கவில்லை நாங்கள்.
நாற்பது வாளி. பாதி அழுகியது.
அதையும் எழுதியாக வேண்டும், ஏனென்றால்
கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில்
முதல் வரியே நட்டம்.
எழுதியது நான்.

மூடிப்போன மீன் கடையிலிருந்து
உறைபெட்டி ஒன்று வாங்கினோம்.
முதல் சரக்கு திரும்பி வந்தது, வஞ்சிர வாடையோடு.
அந்த மாதம் முழுக்க
வஞ்சிர வாடையில் ஜாம் தின்றோம்.
புயல் இரவில் மின்சாரம் போனபோது
ஜெனரேட்டருக்கு மூன்று பேர் காவல்,
பிரசவ அறைக்கு வெளியே போல.

இரண்டாம் வருஷம் மிச்சம் வந்தது.
பெரிய தொகை இல்லை.
சண்டை மட்டும் பெரியது.
லோரெட்டா அந்த வருஷம் ஒரு காய் பறிக்கவில்லை,
வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க
நகரத்துக்குப் போய்வந்தாள்.
வாளிக் கணக்கென்றால் அவளுக்குப் பூஜ்யம்.
மரங்கள் நிற்பது அவள் மண்ணில்.
அவள் அப்பா பெயர் சொல்லித்தான்
நாங்கள் அங்கே காலே வைப்போம்.
நள்ளிரவு வரை கத்தினோம்.
ஐவி எழுந்து வெளியே போனாள், திரும்பி வந்தாள்,
மறுபடி போனாள்.
கடைசியில் புத்தகத்தில் ஒரு கட்டம் கூடக் கிழித்தேன்.
தலைப்பு என்ன போட என்று கேட்டேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
தலைப்பில்லாமலே
லோரெட்டாவின் பங்கு அதில் இருக்கிறது.
தணிக்கைக்கு வந்தவர்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார்.

கீத் இப்போதும் வருகிறான்.
எங்கள் தராசு, எங்கள் பென்சில்.
விலை கேட்டுத் தலையைச் சொறிகிறான்,
சில வருஷம் வாங்குகிறான்.

அந்த மாவு மூட்டையை நாங்கள் பிரிக்கவே இல்லை.
பருவம் தொடங்கும் முதல் நாள்
அதைத்தான் முதலில் நிறுப்போம்.
இந்தக் காலை
முள் ஒன்பதே முக்காலில் நின்றது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
புரட்டிப் பார்த்தால், அடியில் எலி போட்ட ஓட்டை.

டல்சி சிரித்து முடிக்க நேரமாயிற்று.
க்ளெம் வண்டியைக் கிளப்பினான், கடைக்கு,
புது மூட்டை வாங்க.
அதுவரை வாளிகள்
நிழலில் காத்திருந்தன.