கேடயம்

அண்ணாநகர் எண்பதடி ரோட்டில்
என் கிளையின் படியில் நின்று
கண்ணை மூடிக் கல்லெறிந்தால்
ஏதாவதொரு வங்கியின் கண்ணாடி உடையும்.
பதினோரு பலகைகள்.
எண்ணிப் பார்த்திருக்கிறேன்,
ஆளே வராத மதியம் மூன்று மணிக்கு.

உள்ளே, என் நாற்காலிக்குப் பின்னால்
பித்தளைத் தகடு பதித்த கேடயம் ஒன்று:
மண்டலத்தின் சிறந்த லாபக் கிளை.
இந்தக் கிளை வாங்கியதல்ல.
உசிலம்பட்டி தாண்டி, எழுமலை ரோட்டில் போய்
வேலிக்கருவை முடிகிற இடத்தில் திரும்பினால் வரும்
சுக்காம்பாறைப்பட்டியில் வாங்கியது.
வாங்கியது நான்.
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அங்கே 'பேங்க்கு' என்றால் நாங்கள்.
என்ன பேங்க்கு என்று கேட்டால்
பாதிப் பேருக்குத் தெரியாது.
பத்தரைக்குத் திறப்போம்.
பிரிண்டர் கெட்டால் அடுத்த வாரம் வாங்க.
சேமிப்புக்குக் கொடுத்தது இரண்டே முக்கால்,
கடனுக்கு வாங்கியது பதின்மூன்றரை.
நடுவில் கிடந்த பத்தே முக்காலை
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்க வேண்டுமானால்
கேட்டுவிட்டுப் போவதற்கு
எதிரே இன்னொரு வாசல் இருக்க வேண்டும்.

மாட்டுத்தீவனக் கடை விருமாயி
நாலு லட்சத்துக்கு மூன்று முறை வந்தார்.
மூன்று முறையும் 'நாளைக்கு' என்றேன்.
வேலை இருந்ததால் அல்ல.
நாலாம் நாள் கையெழுத்துப் போட்டேன்.
ஒரு பை பச்சைக் கடலையை மேசைமேல் வைத்து
'ரொம்ப நன்றிங்க சார்' என்றார்.
தின்றேன். நல்ல கடலை.

பைபாஸ் ரோட்டு ஓட்டலில் விழா.
மைக்கைத் தட்டிவிட்டு மண்டல மேலாளர் சொன்னார்:
'ஞானதுரையைப் பாருங்க. உழைப்பு!'
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இப்போது ஒன்பதுக்கே வருகிறேன்.
பிரிண்டர் கெட்டால் அரைமணியில் ஆள் வருகிறான்.
டெபாசிட் கேட்டு ஞாயிற்றுக்கிழமை
பல் டாக்டர் மீனலோசனி வீட்டுக்கு
அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.
அல்வாவைத் தொடாமல் போனைக் காட்டினார்:
'பக்கத்துல ஏழே கால், சார்.'
கொடுத்தேன்.
கடனுக்கு எட்டே நாற்பது என்றேன்,
'எதிர்ல எட்டே முப்பது.'
அதையும் கொடுத்தேன்.
மிஞ்சியது ஒன்று சொச்சம்.
அதில்தான் வாடகை, ஏசி, வாசலில் துப்பாக்கிக்காரர்,
என் சம்பளம், வராத கடன்,
அந்த அல்வா.

அதே மண்டல மேலாளர் போன மாதம் கேட்டார்:
'என்ன ஞானதுரை, உழைப்பு குறைஞ்சிருச்சோ?'

நேற்று விருமாயி பேசினார்.
'சார், நம்மூருக்கு இன்னொரு பேங்க்கு வந்துருச்சு.
என் கடை மாடியத்தான் வாடகைக்கு விட்டுருக்கேன்.
பத்தரைக்குத் தர்றேங்கிறான்.
உங்க எடத்துக்கு வந்த பையனும்
இப்பப் பத்தரைங்கிறான்,
நாற்காலி போட்டு உக்காரச் சொல்றான்.'
கொஞ்சம் நிறுத்தினார்.
பின்னால் ஏதோ மாடு கத்தியது.
'அப்ப அந்த மூணு வட்டி என்னாது சார்?'

இடர் என்று சொல்லியிருக்கலாம்.
செலவு, தலைமையகம், அந்தக் காலத்து நிலைமை,
வாயில் எல்லாமே தயாராக இருந்தன.
ஆனால் கை தானாகக் கால்குலேட்டரைத் தட்டியது.
நாலு லட்சம், அறுபது தவணை.
முப்பத்தாறாயிரத்து முன்னூற்றுச் சொச்சம்.
திரும்பிக் கேடயத்தைப் பார்த்தேன்.
இந்தப் பித்தளைக்கு
அவ்வளவு விலை இருக்காது.

'லைன்ல இருக்கீங்களா சார்?'
இருக்கேன் என்றேன்.

'கோவமெல்லாம் இல்ல சார்.
இப்ப ரெண்டு கதவு இருக்கு, நல்லதுதான்.
ஆனா அந்த மேனேஜரும் இந்த மேனேஜரும்
சாயந்தரமானா ஒரே பெஞ்சுலதான்
டீ குடிக்கிறாங்க.
ஏழு மணி வரைக்கும் பேச்சு.
கடைய அடைக்காம
கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.'