நூறு விழுக்காடு

மிண்டேலோ துறைமுகம். சுங்க அலுவலகத்துக்கு மேல்மாடியில் என் மேசை.
பாட்டுகளைப் பதிவது என் பிழைப்பு.
படிவத்தில் மூன்று கட்டம்: சொல், மெட்டு, பங்கு.
பங்கைக் கூட்டினால் நூறு வரவேண்டும்.
நூற்றொன்றைக் கணினி ஏற்காது.
தொண்ணூற்றொன்பதையும் ஏற்காது.

செவ்வாய்க்கிழமை, சகாராப் புழுதி வீசிய மதியம்,
செஃபெரினோ வந்தான், மைத்துனன் அடில்சனோடு.
சொல் அவனுடையது:
ஐஸ்கட்டி ரசீதின் பின்புறம்
பென்சிலில் எழுதி, இரண்டிடத்தில் அடித்தது.
மெட்டு இவனுடையது:
கவாக்கீன்யோவில் ஒரு தந்தி அறுந்திருந்த இரவில் பிடித்தது.
"பாதிக்குப் பாதி" என்றார்கள்.
சண்டை வராத படிவத்தை நான் நம்புவதில்லை.

"லிஸ்பன் கம்பெனிக்கு எவ்வளவு?"
ஒலிப்பதிவு அவர்களுடையது, பாட்டு உங்களுடையது.
சட்டி வேறு, குழம்பு வேறு.

"நீங்கள் முத்திரை குத்தினால்தான் எங்களுடையதா?"
இல்லை. ரசீதில் எழுதிய அன்றே உங்களுடையது.
முத்திரை, நாளைக்கு எவனாவது
இல்லையென்று சொன்னால் காட்டுவதற்கு.

பிறகு கேட்டேன்:
நடுவில் வருகிறதே ஓர் ஓ-ஏய்-ஓ,
படி தவறியதுபோல் கீழே விழுந்து
கடைசியில் முறுக்கிக்கொண்டு மேலே போகுமே,
வானொலி கேட்டவனெல்லாம்
சவரம் செய்யும்போது முணுமுணுப்பது அதைத்தானே.
அது யார் போட்டது?

செஃபெரினோ அடில்சனைப் பார்த்தான்.
அடில்சன் மின்விசிறியைப் பார்த்தான்.
"அது தானாக வந்தது."

யார் வாயில்?

பென்விண்டாவின் வாயில்.
பின்பாட்டுக்கு வந்தவள்.
இரண்டாயிரம் எஸ்குடோ, ஒரு தட்டுச் சாப்பாடு,
கையெழுத்து எதுவுமில்லை.
அவர்கள் சொல்லவேண்டியதே இல்லை.
தினமும் காலை ஆறு மணிக்கு என் ஜன்னலுக்குக் கீழே
தலையில் அலுமினியக் குண்டானோடு
அதே ஓ-ஏய்-ஓவில்தான் கானாங்கெளுத்தி விற்கிறாள்.
ஒன்பது வருடமாக
அந்த முறுக்கல் கேட்டுத்தான்
செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குகிறேன்.

மறுநாள் இறங்கியபோது சொன்னேன்.
செதிள் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
சட்டத்தை முழுதாகக் கேட்டாள்.
"அப்போ இனி மீன் விற்க
அவர்களுக்கு நான் காசு கட்டணுமா?"
வேண்டாம் என்றேன்.
"அவர்கள் எனக்கு?"
அதற்குத்தான் வந்தேன் என்றேன்.

ஒரு மீனைத் தராசில் வைத்தாள். எடுத்தாள்.
"எவ்வளவு கேட்கலாம்?"
இந்தத் தெருவுக்கே விலை சொன்ன வாய்.

படிவம் என் இழுப்பறையில் கிடக்கிறது.
நாற்பது, நாற்பது, இருபது என்று பென்சிலில்.
அடில்சன் பத்து போதும் என்கிறான்.
செஃபெரினோ தொலைபேசியை எடுப்பதில்லை.
அவள் இன்னும் மாடியேறி வரவில்லை.
கீழே நின்று கூவுகிறாள்,
இன்றைக்கு முறுக்கல்
ஒரு படி கூடுதலாக ஏறுகிறது.