ஐந்தாம் குறுக்குத் தெருவில் ஒரு நிறுவை

"பழம் சாப்பிடலாம் மிஸ்டர் குணநாயகம், அளவாக."
டொக்டர் சொன்னதில் 'அளவாக'
கிளினிக் வாசலுக்கு வருவதற்குள்
கழன்று விழுந்துவிட்டது.
பழம் மட்டும் என்னோடு பஸ் ஏறி
வெள்ளவத்தைக்கு வந்தது.

பிளம்ஸும் பழம்தானே.
வெயிலில் கிடந்த முந்திரிகை,
அவ்வளவுதானே வித்தியாசம்.
அலுவலக லாச்சியில் ஒரு பை வைத்தேன்.
கணக்குப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு பிடி,
வட்டி பிழைத்தால் இரண்டு பிடி.
பிஸ்கட்டைத் தொடவில்லை என்ற பெருமையோடு
மூன்று மாதம்.

தாதி திலினி இரத்தத் துண்டைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
திரும்பவும் துண்டைப் பார்த்தாள்.
"மாத்தயா, வீட்டில கல்யாணமா?"
தமிழிலேயே கேட்டாள்.
அதுதான் கூடச் சுட்டது.

அன்று பின்னேரமே புறக்கோட்டைக்குப் போனேன்
மிஸ்பாஹ்வோடு வழக்காட.
அவர் தராசுத் தட்டைத் துடைத்து
என் பக்கம் தள்ளினார்.
பத்து முந்திரிகை, ஐம்பத்திரண்டு கிராம்.
பத்து பிளம்ஸ், பதினொன்று.
"சீனி ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்டுதான் ஈக்குது,
எட்டுக் கிராம், கூடக் குறைய.
வெயில் சீனி போடுறல்ல,
தண்ணியத்தான் எடுக்கும்."

அப்படியென்றால் நான் ஏன்?

"ஒரு பிடி அள்ளிப் பாருங்க."
முந்திரிகையில் என் கைக்கு எட்டுப் பட்டது.
பிளம்ஸில் எண்ணத் தொடங்கி
ஐம்பத்தொன்றில் நிறுத்தினேன்,
உள்ளங்கையில் இன்னும் கிடந்தன.

இருபது வருடம் பிறர் காசை எண்ணிய கை.
தன் வாய்க்குப் போனதற்கு
ஒரு துண்டுகூட எழுதி வைக்காத கை.

தண்ணீரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.
அது வயிற்றில் இடம் பிடித்து உட்கார்ந்து
போதும், எழும்பு என்று சொல்ல இருந்த ஆள்.
அந்த ஆளை எங்கோ ஒரு வெயிலில் அனுப்பிவிட்டு
மிச்சத்தைக் கிலோக் கணக்கில்
காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்க
நாட்டாமி லெட்சுமணன் வந்தான்.
பேரீச்சம்பழப் பெட்டி கிழிந்த இடத்தில்
விரலை விட்டு ஐந்தாறை எடுத்தான்,
கேட்கவுமில்லை, ஒளிக்கவுமில்லை.
கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் வாங்கி
லொறிக்கும் த்ரீவீலுக்கும் நடுவே
வழி கேட்டுக் கத்திக்கொண்டு போனான்.

"அவனுக்கு அது தெருமுனைக்குள்ள முடிஞ்சிடும்"
என்றார் மிஸ்பாஹ், என் வயிற்றைப் பார்க்காமல்.
மரியாதையான மனுசன்.
எனக்கு அது கதிரையில் என்னோடு உட்காரும்,
ஐந்து மணிக்கு என்னோடு பஸ்ஸும் ஏறும்.

மழை பிடித்துக்கொண்டது.
சாக்குகளை உள்ளே இழுத்தார்கள்.
இந்த ஊரில் ஒன்றும் முழுதாய்க் காய்வதில்லை.
எங்கள் மாடியில் துவாய் மூன்று நாள் தொங்கும்,
உப்பு போத்தலுக்குள் கல்லாகும்,
லாச்சியில் கிடந்த பிளம்ஸ்கூட
ஒன்றையொன்று விடாமல் பிடித்துக் கட்டியாகி,
ஒன்றை எடுத்தால் ஏழு வரும்.
இதையும் கிளினிக்கில் சொல்லிப் பார்க்கலாம்.

இரவு ஆறு பிளம்ஸை எண்ணி எடுத்து
கிளாஸ் தண்ணீரில் போட்டேன்.
போனதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று.
காலையில் வீங்கிக் கிடந்தன,
முந்திரிகை ஆகவில்லை.
தண்ணீர்தான் இனித்தது,
ஒரு வாய் குடித்துத்தான் கண்டுபிடித்தேன்.

றெஜினா கிளாஸை வாங்கி
மிச்சத்தைக் கறிவேப்பிலைச் சாடியில் ஊற்றினாள்.
நான் சாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
எறும்புகள் எங்களைப் பார்க்கவில்லை,
நேரே சாடிக்குப் போயின.