ஐந்து பத்து வண்டி

புகைப்புரைக்கு இரண்டு கோட் வெள்ளையடித்தோம்.
இருந்தும் மழைக்காலத்தில் சுவரைத் தொட்டால்
கையில் ரப்பர் ஷீட் வாடை.
அதற்குள்ளே ஆண்பிள்ளைகள் பதினான்கு பேர்,
என் வீட்டு மச்சில் பெண்பிள்ளைகள் ஒன்பது.

பத்துகாணிக்கு மேலே எங்கள் தோட்டம்.
ஓடைக்கு அந்தப் பக்கம் கேரளம்.
ஜீப்பை விட்டு இறங்கியதும்
எல்லார் போனும் ஒன்றாகக் கூவின,
மலையாளக்கரைக்கு வருக வருகவென்று.
யாரும் ஓடையைத் தாண்டவில்லை.
ஆசீர் பிரதர் போன்களை வாங்கி என்னிடம் தந்தார்.
அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன்.
ராத்திரி அரிசி அதிரும்,
யாரோ ஒரு அம்மா.

கரண்ட் வேண்டாம், கட்டில் வேண்டாம்,
ஒடிசா மலையில் படப்போவதை
இங்கேயே படட்டும் என்றார் பிரதர்.
கரண்டுக்கு ஐந்து வருஷம் மனு எழுதினவள் நான்.
பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டால்
என் பாடு அவர்களுக்குப் பாடம்.
சிரிப்பை அடுக்களையில் போய்ச் சிரித்தேன்.

முதல் நாள் அட்டைக்குக் கூச்சல்.
ஆளுக்கொரு உப்புத்துணி கட்டின கம்பு கொடுத்தேன்.
மரச்சீனிக் கிழங்கும் சாளைக்கறியும்
முதல் நாள் விருந்து, நாலாம் நாள் பரீட்சை.
சாயர்புரத்து எப்சிபாய் மட்டும்
காந்தாரி மிளகை இன்னொன்று கேட்டு,
கண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் நடித்துப் பழகுவார்கள்.
ஒருத்தர் ஊழியக்காரர், ஒருத்தர் ஊர்க்காரர்.
ஊர்க்காரி வேஷத்துக்கு ஆள் இல்லையென்று
என்னைக் கூப்பிட்டார்கள்.
கதவைத் தட்டினான் சாத்ராக்.
திறந்து, சாப்பிட்டியா மக்களே என்றேன்.
அதற்குப் பதில்
அவர்கள் நோட்டில் இல்லை.

ஏழாம் நாள்.
மூன்றரைக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
பால் வெட்டப் போனேன்.
மூன்றாவது வரிசையில் வெளிச்சம் ஒரு முகத்தில் விழுந்தது.
நாங்குநேரி ஒபேது. தோளில் பை.
ஓடவுமில்லை, ஒளியவுமில்லை.
நான் மரத்தைப் பார்த்துக் கத்தியை வைத்தேன்.
வெட்டு பாதியில் நின்றால் பட்டை கெடும்.

"கன்வென்ஷன்ல கை தூக்கினேன் அக்கா.
பக்கத்தில எல்லாரும் தூக்கினாங்க."

பால் சிரட்டையில் விழத் தொடங்கியது.
அடுத்த மரத்துக்கு அவனும் வந்தான்.
அதற்கடுத்ததுக்கும்.
நாற்பது மரம் வரை ஒன்றும் பேசவில்லை.
எனக்கும் பத்தொன்பதில் ஒருதரம்
கை தூக்கின ஞாபகம்.
நான் எங்கேயும் போகவில்லை.
பேறுகாலம் வந்தது.

அடுக்களையில் கட்டன் போட்டுக் கொடுத்தேன்.
டிரம்மில் கைவிட்டுத் துழாவினதில்
மூன்றாவதாக வந்தது அவன் போன்.
சார்ஜர் ஓட்டையில் ஒரு அரிசி சிக்கி இருந்தது,
ஊக்கால் நோண்டி எடுத்தேன்.
மார்த்தாண்டத்துக்கு முதல் வண்டி ஐந்து பத்து.
நூறு ரூபாயை நாலாக மடித்துக் கையில் வைத்தேன்.

"பிரதர் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"வண்டி நேரத்துக்கு வந்ததுன்னு சொல்லுவேன்."

காலையில் இருபத்துமூன்று தட்டு வைத்தேன்.
கை பழகிப்போய்விட்டது, வேறொன்றும் இல்லை.
பிரதர் அந்தத் தட்டைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
அன்றைக்கு ஜெபம் நீண்டது, கஞ்சி ஆறிற்று.
ஆமென் சொன்ன கையோடு எப்சிபாய்
அந்தத் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
பிள்ளை நன்றாக வரும்.

போன வாரம் கடிதம் வந்தது.
டிசம்பரில் முப்பது பேராம்.
புகைப்புரைக்கு மறுபடி வெள்ளையடித்தாயிற்று.
வாசலுக்கு மேலே பிரதர் எழுதச் சொன்ன வசனம்,
நீல பெயின்டில், பெரிய எழுத்தில்.
உள்ளே, கதவுக்குப் பின்னால்,
படுத்துக்கொண்டு பார்த்தால் தெரிகிற உயரத்தில்
கரித்துண்டால் நான் எழுதினேன்:
மார்த்தாண்டம் 5.10.