நடக்கிற கல்

ஈச்சவலசுக்கு வழி கேட்டேன்.
"மூணாவது காத்தாடி தாண்டி
புலிகுத்திக் கல்லுக்கு வடக்கால திரும்புங்க.
புலிக்கு மூஞ்சி இருக்காது,
ஈட்டி இருக்குமுங்க" என்றான் பஞ்சர் கடைக்காரன்.
இருந்தது.
என் கைபேசிக்கு அந்தப் புலியைத் தெரியவில்லை.

கிளுவை வேலியோரம் கல்.
முழங்கால் உயரம். மேலே காக்காய் எச்சம்.
இந்தப் பக்கம் குமரப்பன், அந்தப் பக்கம் வேலாத்தாள்.
அண்ணன் தம்பி மக்கள்.
எட்டு வருசமாய்ப் பேசிக்கொள்வது வக்கீல் மூலம்.

"ராத்திரியில கடப்பாரை போட்டு நவுத்தீட்டாளுங்க."

"நானெதுக்கு நவுத்தோணும்?
அதுபாட்டுக்கு நடக்குது."

கன்று திருடி ஓடியவன்.
பங்குனி வெயில், நாக்கு வறண்டு
கிணற்று மேட்டில் நின்றவளிடம் தண்ணீர் கேட்டானாம்.
கயிற்றை விட்டுட்டு வந்து குடி என்றாளாம்.
விட மனசு வரவில்லை.
பிடித்த கையோடு கல்லானான்.
அன்றிலிருந்து வருசத்துக்கு ஓர் எள்ளளவு
கிணற்றைப் பார்த்து நகர்கிறான்.

"கன்னுக்குட்டி என்னாச்சுங்க?" இது செயின்மேன் துரையன்.
"அது ஊட்டுக்குப் போயிருச்சு.
அது என்ன தப்புப் பண்ணுச்சு?"

சிரிக்காமல் சங்கிலியைப் பிரித்தோம்.
நூறு வருசத்துக்கு முந்திய படத்தில்
கல்லுக்கும் கிணற்றுக்கும் எண்பத்து நாலு லிங்க்.
இன்றைக்கு எண்பத்திரண்டரை.
மறுபடி.
வெயில் தாழ்ந்து இன்னொரு தடவை.
எண்பத்திரண்டரை.

துரையன் பீடிக்கட்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டான்.
எள்ளுக்கு மூணு மில்லிமீட்டர் வைத்தால்
சரியாக வருதுங்க சார்.
மிச்ச தூரத்துக்கு
இன்னும் ஐயாயிரத்து ஐந்நூறு வருசம்.

கிணற்றை எட்டிப் பார்த்தேன்.
அடியில் ஒற்றைச் செருப்பு, புறா முட்டை ஓடு,
ஓர் ஊமத்தை, பூத்திருந்தது.
தண்ணீர் இப்போது குமரப்பனின் போரில்,
ஆயிரத்து நூறு அடிக்குக் கீழே.
"இவனுக்கு யாராச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.
வேலாத்தாள் கல்லை ஒரு பார்வை பார்த்துவிட்டு
மெதுவாகப் பேசச் சொல்லிக் கையமர்த்தினார்.

கிளம்பும்போதுதான் கவனித்தேன்.
குமரப்பனின் சொட்டுநீர்க் குழாயில்
கல்லுக்கு நேராக ஓர் ஓட்டை.
புதிதில்லை. சுற்றிலும் அறுகு, நல்ல பச்சை.
"எலி கடிச்சதுங்க" என்றார், நான் கேட்காமலே.

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
கல் உள்ளது.
நிற்கிறது என்று எழுதவில்லை.